வேலி டெஸ்டர்

2022ஆம் ஆண்டு ஜனவரி 14, வெள்ளிக்கிழமை பிற்பகல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், தென் கிப்ஸ்லாந்தில் உள்ள டாராபின் ஊருக்கு வடக்கே, தன்னார்வத் தீயணைப்புப் படையின் வண்டி ஒன்றின் மீது, காற்று திசை மாறியதால், தீ கடந்து சென்றது. வண்டியில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐவரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவருக்குத் தீக்காயம்.

அந்த ஒருவன் வெஸ் ட்ரெம்பாத். நூற்றெண்பது கறவை மாடு வைத்திருப்பவன். அன்று வண்டியின் பின் தளத்தில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். தீ நெருங்கும்போது இறக்கிவிட வேண்டிய வெள்ளி நிற வெப்பத்திரை அவன் பக்கம் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக் கொக்கியில் மாட்டுவதற்குக் கையை வெளியே நீட்டினான். கூடவே தலையும் கொஞ்சம் போனது. திரை மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு இடது கை, கழுத்து, இடது காதின் மேல் பாதி. தொடையிலிருந்து தோல் எடுத்து மெல்பர்னில் ஒட்டினார்கள். ஊர் திரும்பிய வாரமே படையில் அவனுக்கு ‘டோஸ்ட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்காமல் விட்டிருந்தால்தான் அவன் கவலைப்பட்டிருப்பான்.

தோல் ஒட்டிக்கொண்டது. உட்காருவதுதான் வரவில்லை. சாப்பாட்டின் நடுவே எழுந்து வாசலுக்குப் போவான். காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பான். திரும்பி வந்து இரண்டு வாய் தின்பான். மறுபடி எழுவான். கறவைக் கொட்டகையில் குழாய் கழுவும் வெந்நீரின் ஆவி எழுந்தால், கறந்துகொண்டிருக்கும் மாட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே நிற்பான். போர்வை தோளுக்கு மேல் ஏறக் கூடாது, ஜூலை மாதக் குளிரிலும். மனைவி ஜனீன் பிள்ளைகளின் பழைய அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. அவளுக்குக் காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை இருந்தது, தூக்கம் வேண்டும்.

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: வண்டியில் மறுபடி ஏற வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு கோடைக்கும் முன்னால், வண்டியில் போகிற எல்லோரும் ஒரு பயிற்சி செய்தாக வேண்டும். தீ நம்மைக் கடந்து போவதாக வைத்துக்கொண்டு, திரைகளை இறக்கி, கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்ச, தலைவர் குரல் கொடுக்கும் வரை குனிந்து கிடக்க வேண்டும். செய்யாதவர் அந்த வருடம் வண்டியில் இல்லை. படைத் தலைவரின் மகனானாலும் இல்லை. முந்தைய இரண்டு வருடமும் வெஸ் பயிற்சிக்கு வந்தான். கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றான். மூன்றாவது வருடமும் தவறினால் அவன் பெயரை வானொலி அறைக்கு மாற்றிவிடுவார்கள். வானொலி அறை என்பது நிலையத்தில் இருந்துகொண்டு வண்டியோடு பேசுபவரின் நாற்காலி. உட்கார முடியாத மனிதனுக்கு நாற்காலி.

2024 செப்டம்பரில் மெல்பர்ன் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. தீக்காயத்திலிருந்து மீண்ட பிறகும் மனம் அந்த நாளிலேயே நின்றுபோனவர்களுக்கு, காது மடல் வழியாக மிக மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்க்கும் ஆய்வு. கைபேசி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு ஒயர், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கிளிப். தினமும் ஒரு மணி நேரம், பன்னிரண்டு வாரம், வீட்டிலேயே.

“ஒரு விஷயம் மொதல்லயே சொல்லிடறேன் வெஸ்,” என்றாள், அவன் அங்கே போன அன்று, ஆய்வைக் கவனிக்கும் நர்ஸ் மெலே ஃபோனுவா. டோங்கா நாட்டுக்காரி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. “பாதிப் பேருக்குக் குடுக்கறது நெஜப் பெட்டி. பாதிப் பேருக்குச் சும்மா பெட்டி. லைட் எரியும், சத்தம் போடும், கரண்ட் வராது. உங்களுக்கு எது வந்திருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“யாருக்குத்தான் தெரியும்?”

“ஒரு கம்ப்யூட்டருக்கு. அதுகிட்ட நானே பேசறதில்ல.”

இடது காதில் கிளிப் மாட்ட அவள் சிரமப்பட்டாள். மேல் பாதி இல்லை. கீழே மிஞ்சிய மடலும் தழும்பு ஏறித் தடித்திருந்தது. பஞ்சை நனைத்து, திருப்பித் திருப்பி வைத்து, ஒரு வழியாக நிறுத்தினாள். “சில பேருக்குச் சுருக்குனு இருக்கும், சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. ரெண்டும் சரிதான். தெரியலையேன்னு நிறுத்திடாதீங்க.”

வெஸ் தலையாட்டினான்.

முதல் சில வாரங்கள், காலைக் கறவை முடிந்ததும் சமையலறை மேசையில் கிளிப்போடு உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பது பெயருக்கு. மேசையைச் சுற்றினான், ஒயர் இழுக்கும் வரை போனான், திரும்பினான். படைத் தலைவர் பீட் வெர்ஹூவன் ஒரு நாள் அந்தக் கோலத்தில் வந்து பார்த்தார்.

“என்னடா டோஸ்ட், மாட்டுக்கு மாட்டற மாதிரி ஒனக்கும் காதுல டேக் மாட்டிட்டாங்களா? எத்தனாம் நம்பர்?”

“நூத்தி எம்பத்தொண்ணு. பால்தான் வரல.”

“அதான் ஜனீன் ஒன்ன விக்கப் போறேன்னு சொல்லிட்டிருந்தா.” பீட் தானே கெட்டிலைப் போட்டார். அவருக்கு அறுபத்து நான்கு வயது. எந்த வீட்டிலும் அவரே கெட்டிலைப் போட்டுக்கொள்வார். “நவம்பர் மொத ஞாயித்துக்கெழம பயிற்சி. வரியா?”

“வரேன்.”

“வந்து நிக்கறதா, உள்ள வரதா?”

வெஸ் ஜன்னல் பக்கம் பார்த்தான். சைப்ரஸ் மரங்களின் நுனி கிழக்கே சாய்ந்திருந்தது. “உள்ள,” என்றான்.

அக்டோபர் நடுவில் ஜனீன் ஒன்றைக் கவனித்தாள். வறுத்த ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பட்டாணி. ஒரு தட்டு முழுவதையும் அவன் எழாமல் தின்று முடித்திருந்தான். அவள் தட்டை எடுத்துக் கழுவினாள். மறுநாளும் அப்படியே நடந்தது. அந்த வாரக் கடைசியில் சோபாவில் கால்பந்து பார்த்தபடியே தூங்கிப்போனான். குறட்டை கேட்டு நாய் எழுந்து வேறிடம் போனது.

“பொட்டி வேல செய்யுது போல,” என்றாள் திங்கட்கிழமை, பேருந்துச் சாவியைத் தேடிக்கொண்டே.

அவள் அப்படிச் சொன்னதுதான் அவனை உறுத்தியது. எப்படி வேலை செய்யும்? அவனுக்கு ஒன்றும் தெரியவில்லையே. சுருக்கென்றுகூட இல்லை. மின்சாரம் என்றால் அவனுக்கு வேலி. எட்டாயிரம் வோல்ட், ஒரு நொடிக்கு ஒரு துடிப்பு. பிறந்ததிலிருந்து அதோடு பழக்கம். இந்தப் பக்கத்தில் மின்வேலியைச் சோதிக்க யாரும் வீட்டுக்குப் போய்க் கருவி எடுத்து வரமாட்டார்கள். நீளப் புல் ஒன்றைப் பிடுங்கி, நுனியைக் கம்பியில் வைத்து, மெல்ல மெல்லக் கையைக் கிட்டே தள்ளுவார்கள். விரலில் துடித்தால் வேலி உயிரோடு இருக்கிறது. துடிக்காவிட்டால் செத்த வேலி. எங்கோ கிளை விழுந்திருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும். செத்த வேலி என்று மாட்டுக்குத் தெரிய அரை நாள் போதும்.

அன்றைக்கு அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான். கிளிப்பைக் காதில் மாட்டவில்லை. பெட்டியை முழு அளவுக்குத் திருகினான். ஈரப் புல்லை ஒரு கிளிப்பில் செருகி, மறு கிளிப்பை விரலில் கவ்வவிட்டு, புல்லைத் தொட்டான். ஒன்றுமில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தான். உலோகச் சுவை, அவ்வளவுதான். கடைசியில் வேலி டெஸ்டரையே கொண்டுவந்தான். கைக்கடக்கமான மஞ்சள் கருவி. அதன் கம்பியை ஒரு கிளிப்பிலும் முனையை இன்னொன்றிலும் வைத்தான்.

பூஜ்யம்.

பக்கத்து வேலிக் கம்பியில் வைத்தான். 7.9 கிலோவோல்ட். மறுபடி கிளிப்பில். பூஜ்யம்.

அங்கேயே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். கோபம் முதலில் மெலே மீது வந்தது. அவள் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள் என்பதால் அங்கே நிற்கவில்லை. பிறகு தன் மீதே வந்து நின்றது. ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததற்கு, நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்து ஆட்டிறைச்சி தின்றிருக்கிறான். செத்த வேலிக்குப் பயந்து நின்ற மாடு.

யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் கிளிப்பை மாட்டினான், ஜனீன் பார்க்கட்டும் என்று. பெட்டியை மட்டும் போடவில்லை.

ஒரு வாரத்தில் பழைய மனிதன் திரும்பி வந்தான். வாசலுக்குப் போய்வருவது, அடுப்புக் குமிழை இரண்டு முறை தொட்டுப் பார்ப்பது, எங்கோ ஒருவன் குப்பை எரித்தால் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய் அவனோடு சண்டை பிடிப்பது. ஒரு மாடு மடிவீக்கத்தில் நிற்பதை இரண்டு கறவைக்கும் கவனிக்காமல் விட்டான். இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. ஜனீன் கேட்டாள், “பொட்டி போடறியா?” “போடறேன்,” என்றான். காதில் கிளிப் தொங்கியது. பொய்யென்று சொல்ல வழியில்லை.

நவம்பர் முதல் ஞாயிறு வெயில் இல்லாத நாள். நிலையத்துக்கு வெளியே சரளைத் தரையில் வண்டி நின்றது. பயிற்சிக்குப் பிறகு எப்போதும் தகட்டு அடுப்பில் சாசேஜும் வெங்காயமும் சுடுவார்கள். ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கலைவார்கள். இரண்டு வருடமாக அடுப்பு வெளியே வரவில்லை. ஈரத்துணி போர்த்திய முட்டை சாண்ட்விச் தட்டு மட்டும். ஏனென்று ஒருவரும் சொன்னதில்லை. வெஸ்ஸுக்குத் தெரியும். கொழுப்பு கருகும் வாசனை.

பின் தளத்தில் வலப்பக்கம் ஷெல்லி ராட்போன். தபால் நிலையத்தில் வேலை, வாய் ஓயாது. இடப்பக்கம் வெஸ். முன்னால் பீட்டும் ஓட்டுநரும்.

“டோஸ்ட், இன்னிக்கு என் பக்கத்துல ஒக்காந்திருக்கே. காலைல டப்பா பீன்ஸ் தின்னு வாயு புடிச்சு வந்திருக்கியா?”

“ரெண்டு டப்பா.”

“அப்ப கம்பளி வேண்டாம், நான் தீயிலயே போயிடறேன்.”

பீட் குரல் கொடுத்தார். பம்ப் உறுமியது. கூரையிலிருந்த குழாய்களிலிருந்து தண்ணீர் வண்டியைச் சுற்றி விழுந்தது. ஷெல்லி தன் திரையை இறக்கினாள். வெஸ் தன்னுடையதை இறக்கினான். இந்த முறை சிக்கவில்லை, கொக்கி உடனே விழுந்தது. அது சிக்காமல் விழுந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்தான். இருட்டு. நனைந்த கம்பளி வாசனை. தண்ணீர் திரையில் அடிக்கும் சத்தம், தண்ணீரின் சத்தமாக இல்லை.

எப்போது எழுந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. திரை கொக்கியோடு பிய்ந்து தொங்கியது. அவன் சரளையில் நின்றுகொண்டிருந்தான், தெப்பலாக நனைந்து. கம்பளி ஷெல்லியின் தலையில் கிடந்தது.

பம்பை நிறுத்தினார்கள். கேலி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஷெல்லி கம்பளியைத் தலையிலிருந்து எடுத்துப் பிழிந்தாள். பீட் கொக்கியை எடுத்துப் பார்த்து, “இது பழசு, மாத்தணும்,” என்றார்.

வெஸ் சாண்ட்விச் எடுக்காமல் வீட்டுக்குப் போனான்.

ஜனீன் தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். அவன் நனைந்திருந்ததைப் பார்த்தாள்.

“முடியலையா?”

“எப்படி முடியும்? அது செத்த பொட்டி, ஜனீன். ரெண்டு வாரமா நான் அதப் போடவே இல்ல. டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். கரண்டே இல்ல. உள்ள ஒரு மசுரும் கெடையாது.”

“எத வெச்சு டெஸ்ட் பண்ணே?”

“புல்லு வெச்சேன். அப்புறம் வேலி டெஸ்டர்.”

ஜனீன் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். “வேலி டெஸ்டர்,” என்று திருப்பிச் சொன்னாள். “காதுக்குப் போடற மெஷினுக்கு.”

“கரண்டுன்னா கரண்டுதானே?”

அவள் உள்ளே போய்க் கைபேசியை எடுத்து மெலேயை அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை, மெலே ஏதோ தேவாலயத்து விருந்தில் இருந்தாள், பின்னால் கூட்டமாகப் பாட்டுக் கேட்டது. ஜனீன் விஷயத்தைச் சொல்லி, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தாள்.

மெலே முதலில் சிரித்தாள். பிறகு, “ஐயோ, வெஸ்,” என்றாள். “ஒங்க வேலிக் கரண்டு மாட்டையே தூக்கிப் போடும். அதப் பாக்கற கருவி அது. இந்தப் பொட்டில போறது அதுல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல. நெஜப் பொட்டியா இருந்தாலும் அதுல பூஜ்யம்தான் காட்டும். சும்மா பொட்டியா இருந்தாலும் பூஜ்யம்தான். லாரி எடை போடற எடத்துல போய் எறும்ப நிறுத்தியிருக்கீங்க.”

“நாக்குல வெச்சும் பாத்தேன்.”

“நாக்குலயா!” மெலே பாட்டுச் சத்தத்திலிருந்து விலகி நடந்தாள், கதவு சாத்தும் ஒலி கேட்டது. “நாக்கும் சாட்சி சொல்லாது. அது உலோகம் பட்டாலே அப்படித்தான். இங்க பாருங்க, ரெண்டு வாரம் விட்டதால ஆய்வுக் கணக்குலேருந்து ஒங்கள எடுத்துடுவாங்க. நான் மறைக்க முடியாது. ஆனா பன்னெண்டு வாரத் தவணை முடியற வரைக்கும் பொட்டி ஒங்ககிட்டயே இருக்கலாம். போட்டுக்கறதும் வேண்டாங்கறதும் ஒங்க இஷ்டம்.”

“அப்ப எது என் பொட்டி? இப்பவாவது சொல்லலாமே.”

“தெரிஞ்சாத்தானே சொல்ல? ஆய்வு முழுசா முடிஞ்சாத்தான் தொறப்பாங்க. ரெண்டு வருஷம் ஆகும்.”

கைபேசி அணைந்த பிறகு வெஸ் வாசலுக்குப் போனான், காற்றைப் பார்த்தான், திரும்பி வந்தான்.

“நீதானே நான் வண்டியில ஏறக் கூடாதுன்னு சொல்வே,” என்றான். “எதுக்கு அவளக் கூப்பிட்டே?”

“இப்பவும் சொல்றேன். ஏறக் கூடாது. நீ வண்டியில ஏறணும்னு நான் கூப்பிடல. அந்த ஒரு வாரம் எதிர்ல ஒக்காந்து சாப்பிட்டியே, அதுக்காகக் கூப்பிட்டேன்.” அவள் குரல் எரிச்சலாகத்தான் இருந்தது. “அது பொட்டியாலயோ, பச்ச லைட்டாலயோ, எனக்கென்ன. ஒரு மனுஷன் ஒக்காந்து சாப்பிட்டான், அவ்வளவுதான்.”

அவன் பெட்டியை எடுத்து, இடது காதில் பஞ்சை நனைத்து, கிளிப்பை மாட்டி, பொத்தானை அழுத்தினான். விளக்கு எரிந்தது. நம்பிக்கை ஒன்றும் இல்லை. செத்ததென்று நிரூபிக்கவும் முடியவில்லை, உயிரோடு இருக்கிறதென்றும் தெரியாது. அப்படிப்பட்ட வேலியை எந்த விவசாயியும் அணைத்துவைக்க மாட்டான்.

ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை எழுந்தான். மறுநாளும் அப்படித்தான். உட்கார்ந்து தின்பது உடனே திரும்பவில்லை. ஒரு வாரம் கழித்து அரைத் தட்டு, பிறகு முக்கால். குறட்டை வரவில்லை. அடுப்புக் குமிழைத் தொடுவது நிற்கவில்லை. ஒரு காலையில் கொட்டகையில் ஆவி கிளம்பியபோது கதவு வரை போய், மாடு கத்தவே திரும்பி வந்து கறவையை முடித்தான். அதையெல்லாம் முன்னேற்றம் என்று சொல்லலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பீட்டைப் பார்க்க அவனே போனான். பீட் தன் கொட்டகையில் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

“தவறினவங்களுக்கு இன்னொரு தடவ பயிற்சி வெப்பீங்களே.”

“கடைசி ஞாயித்துக்கெழம,” என்றது டிராக்டர். “அடுத்த நாள்லேருந்து தீக்காலம். அப்புறம் இந்த வருஷத்துக்கு இல்ல.”

“நான் வரேன்.”

“பழையபடி இடப்பக்கமா? வலப்பக்கம் மாத்திக்கறியா?”

“இடப்பக்கம்.”

“கொக்கி புதுசு. பிச்சேன்னா ஒன் செலவு.”

“அப்புறம் அந்த முட்ட சாண்ட்விச்ச விட்டுத் தொலைங்க. ரெண்டு வருஷமா அதையே தின்னு எல்லாருக்கும் வயிறு கெட்டுக் கெடக்கு. சாசேஜ் போடுங்க.”

டிராக்டருக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. “நல்லா யோசிச்சுக்கோ,” என்றார் பீட். பிறகு ஸ்பேனர் மறுபடி திரும்பியது.

கடைசி ஞாயிறு வெயில் அடித்தது. வந்திருந்தவர்கள் எட்டுப் பேர். முன்பு தவறியவர்கள் மூவர், மற்றவர்கள் சும்மா வந்தவர்கள். தகட்டு அடுப்பு சுவர் ஓரமாக, காற்று எதிர்ப்பக்கம் போகும்படி வைக்கப்பட்டிருந்தது. இன்னும் பற்றவைக்கவில்லை. ஷெல்லி பயிற்சியை ஏற்கெனவே முடித்திருந்தாள். இருந்தும் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“ஒனக்கு என்ன வேல இங்க?” என்றான் வெஸ்.

“போன தடவ என் தலைல ஈரக் கம்பளி போட்டுட்டுப் போனே. பழி வாங்க வந்திருக்கேன்.”

பம்ப் உறுமியது. தண்ணீர் விழுந்தது. திரை இறங்கியது. கொக்கியில் கை வைத்து ஒரு முறை இழுத்துப் பார்த்தான், பிடித்திருந்தது. கம்பளி தலைக்கு மேல் வந்தது. இருட்டுக்குள் அவன் பூட்ஸ் தகட்டில் படபடத்தது. வாயில் உலோகச் சுவை. இடது கை தானாகவே திரையைத் தேடிப் போனது, கொக்கியைத் தொட்டது, வந்தது, மறுபடி போனது. வெளியே போய்ப் பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம். கை கொக்கியைத் தூக்கியது. பாதி தூக்கி, நின்றது. அந்த நாளில் திரை மாட்டிய சத்தம் அவனுக்கு நினைவு வந்தது: ஒரு சின்ன ‘டக்’. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஏறக்குறைய மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். டக் என்பதை மறந்தே போயிருந்தான். கொக்கியைக் கீழே விட்டான். டக்.

“டோஸ்ட்,” என்றது பக்கத்துக் கம்பளி. “இருக்கியா?”

“இருக்கேன்.”

“பீன்ஸா?”

“இல்ல. ஓட்ஸ் கஞ்சி.”

“கடவுள் இருக்காரு.”

சிரிப்பு வரவில்லை. வாந்தி வந்தது, விழுங்கினான். பீட் “சரி, தீ கடந்துடுச்சு” என்று குரல் கொடுத்தபோது அவன் உடனே எழவில்லை. மற்றவர்கள் திரையைத் தூக்கி இறங்கிய பிறகுதான் கம்பளியை இறக்கினான். முகம் சுண்ணாம்பாக இருந்தது. இறங்கி வண்டிக்குப் பின்னால் போய்க் கஞ்சியைக் கக்கினான்.

“கக்கினா கணக்குல சேருமா?” என்று கேட்டான், வாயைத் துடைத்துக்கொண்டு.

“அதப் பத்தி விதில ஒண்ணும் இல்ல,” என்றார் பீட்.

அடுப்பைப் பற்றவைத்தார்கள். வெஸ் புகை வராத பக்கமாக, சாலை ஓரத்து வேலி அருகே நின்றான். ஷெல்லி ரொட்டியில் சுருட்டிய சாசேஜைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கடி கடித்தான். மீதியைக் காலடியில் வந்து நின்ற நாய்க்குப் போட்டான்.

மறுநாள் தீக்காலம் அறிவிக்கப்பட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் தவணை முடிந்தது. வெஸ் பெட்டியையும் கிளிப்புகளையும் மருத்துவமனை கொடுத்த பையில் போட்டு ஷெல்லியின் தபால் நிலையத்தில் கொடுத்தான். ஆய்வுக் கணக்கில் அவன் சேர்க்கப்படவில்லை. அவனுடைய பெட்டி எது என்பது இன்னும் திறக்கப்படவில்லை.

டிசம்பர் 9 மதியம் படையின் அழைப்புப் பேஜர் அடித்தது. டாராபினுக்குத் தெற்கே சாலை ஓரப் புல் தீ, அரை ஏக்கர். வண்டியில் நான்கு பேர் போனார்கள். பின் தளத்தில் இடப்பக்கம் வெஸ். மாலைக் கறவைக்குத் திரும்பிவிட்டான். அடுத்த இரண்டு இரவும் தூங்கவில்லை. ஜனீன் இன்னும் பிள்ளைகள் அறையில்தான் படுக்கிறாள். பன்னிரண்டாம் தேதி மறுபடி பேஜர் அடித்தது. வெஸ் போனான்.